மறதி நோயைத் தடுக்க முடியுமா? மக்கள் நம்புவதும் மருத்துவம் சொல்வதும்

"வயசாயிடுச்சுல்ல, மறதி வரத்தான் செய்யும்." தாத்தா சாப்பிட்டதை மறந்து மறுபடியும் சாப்பாடு கேட்கும்போதும், அம்மா பழகிய தெருவிலேயே வழி தெரியாமல் நிற்கும்போதும் நம் வீடுகளில் முதலில் வந்து விழும் வார்த்தை இதுதான். படிக்காதவர்கள் சொல்வது என்றோ நம் ஊரில் மட்டும் சொல்வது என்றோ இதை ஒதுக்கிவிட முடியாது. சர்வதேச அல்சைமர் நோய்க் கூட்டமைப்பு 2019-இல் 155 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 70,000 பேரிடம் கருத்துக் கேட்டது. டிமென்ஷியா எனும் மறதி நோய் முதுமையின் இயல்பான விளைவு என்று மூன்றில் இரண்டு பேர் சொன்னார்கள். மருத்துவத் துறையில் இருப்பவர்களிலேயே 62% பேர் அப்படித்தான் நினைத்தார்கள். தடுக்க எதுவும் செய்ய முடியாது என்றவர்கள் நான்கில் ஒருவர். 2024-இல் திரும்பக் கேட்டபோது, இயல்பான விளைவு என்று சொன்ன பொதுமக்களின் பங்கு 80% ஆகியிருந்தது. மருத்துவத் துறையினரிடையே 65%. இரண்டு முறையும் பதில் சொன்னவர்கள் ஒரே ஆட்கள் இல்லை என்பதால் இதை நேரடி வளர்ச்சிக் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் ஐந்து ஆண்டு விழிப்புணர்வுப் பிரசாரத்துக்குப் பிறகும் இந்த நம்பிக்கை அசையவில்லை என்பது கண்கூடு.

வயது கூடக்கூட ஆபத்து கூடுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் முதுமையும் இந்த நோயும் ஒன்றல்ல. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4% பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. ஏறத்தாழ 88 லட்சம் பேர். நெஞ்சை உலுக்கும் எண்ணிக்கைதான். ஆனால் இதே கணக்கின்படி நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு முதியவர்களுக்கு அந்த நோய் இல்லை. நரை எல்லோருக்கும் வருகிறது, இது எல்லோருக்கும் வருவதில்லை. அப்படியானால் யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது என்று கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

அந்தக் கேள்விக்கு இன்றைக்கு இருக்கும் மிக விரிவான பதில் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் குழுவுடையது. லண்டனைச் சேர்ந்த மனநல மருத்துவப் பேராசிரியர் கில் லிவிங்ஸ்டன் தலைமையிலான அந்தக் குழு, மாற்றக்கூடிய காரணிகள் என்று 2017-இல் ஒன்பதையும், 2020-இல் பன்னிரண்டையும், 2024-இல் பதினான்கையும் அடையாளம் காட்டியது. குறைந்த கல்வி, காது கேளாமை, கெட்ட கொழுப்பு, மனச்சோர்வு, தலைக்காயம், உடலுழைப்பின்மை, சர்க்கரை நோய், புகைப்பழக்கம், உயர் ரத்த அழுத்தம், உடல் பருமன், மிகையான மது, தனிமை, காற்று மாசு, கவனிக்காமல் விடப்பட்ட பார்வைக் குறைவு ஆகியவையே அந்தப் பதினான்கு. உலகில் ஏற்படும் டிமென்ஷியாவில் சுமார் 45% இவற்றோடு தொடர்புடையது என்பது குழுவின் மதிப்பீடு. கேளாமைக்கும் கொழுப்புக்கும் தலா 7%, கல்விக் குறைவுக்கும் தனிமைக்கும் தலா 5% என்று அதில் பங்கு பிரித்திருக்கிறார்கள்.

இந்த 45% பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஒருவர் பதினான்கையும் சரிசெய்துகொண்டால் அவருக்கு நோய் வரும் வாய்ப்பு அந்த அளவு குறையும் என்று குழு சொல்லவில்லை. ஒரு சமூகத்தில் இந்தக் காரணிகள் அடியோடு இல்லாமல் போய்விட்டால், இவைதான் உண்மையிலேயே நோயைத் தூண்டுகின்றன என்பதும் உறுதியானால், அந்தச் சமூகத்தில் அவ்வளவு நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும். கணக்கு சமூகத்துக்கானது, தனி ஆளுக்கானது அல்ல. பழைய ஒன்பது காரணிகளை மட்டும் வைத்து 2019-இல் இந்தியாவுக்குத் தனியாகக் கணக்கிட்டபோது 41% வந்தது. அதே ஒன்பதுக்கு உலக அளவில் வந்தது 35%. தடுப்பதால் கிடைக்கும் பலன் வசதியான நாடுகளைவிட நமக்குத்தான் அதிகம் என்று இதைப் படிக்கலாம்.

மக்கள் எதை நம்புகிறார்கள் என்று பார்த்தால் இடைவெளி எங்கே இருக்கிறது என்பது தெரிகிறது. பிரிட்டனின் அல்சைமர் ஆராய்ச்சி அறக்கட்டளை 2018-இல் நடத்திய கருத்தாய்வில், இதய நோய் ஆபத்தைக் குறைக்க முடியும் என்று 77% பேரும், சர்க்கரை நோய் ஆபத்தைக் குறைக்க முடியும் என்று 81% பேரும் நம்பினார்கள். டிமென்ஷியாவைப் பற்றி அப்படி நம்பியவர்கள் 34% மட்டுமே. நெதர்லாந்தின் லிம்பர்க் மாகாணத்தில், ஒரு விழிப்புணர்வு இயக்கத்தைத் தொடங்குமுன் கேட்டபோது, வாழ்க்கை முறையால் இந்த ஆபத்தைக் குறைக்கலாம் என்பது 44% பேருக்குத் தெரிந்திருக்கவில்லை. பல நாடுகளின் 34 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான மதிப்பாய்வு ஒன்று, ஏறக்குறைய பாதிப் பேர் இதைத் தடுக்க இயலாத முதுமைக் கூறாகவே கருதுகிறார்கள் என்று கண்டது. தடுக்கலாம் என்ற எண்ணம் மெல்ல வளர்ந்துவருவதாகவும் அதே மதிப்பாய்வு சொல்கிறது.

எண்களைவிட முக்கியமானது, நம்புகிறவர்கள் எதை நம்புகிறார்கள் என்பது. எந்த நாட்டில் கேட்டாலும் மூளைக்கு வேலை கொடுப்பதுதான் முதலிடத்தில் இருக்கிறது. குறுக்கெழுத்து, சுடோகு, புத்தகம், புதிய மொழி என்று பட்டியல் நீள்கிறது. உடற்பயிற்சியும் உணவும் அடுத்து வருகின்றன. ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை, காது ஆகியவை கடைசியில் நிற்கின்றன; பலருக்கு அவை மனதில் தோன்றுவதே இல்லை. லிம்பர்க் ஆய்வும் 34 ஆய்வுகளின் தொகுப்பும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. பிரஷர் என்றால் மாரடைப்பு, சுகர் என்றால் கால் புண், கண், சிறுநீரகம் என்று மக்களுக்குத் தெரியும். மூளைக்குள் ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்களையும் அந்த அழுத்தம் இருபது முப்பது ஆண்டுகளாக நசுக்குகிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. மாத்திரை எழுதிக்கொடுக்கும் மருத்துவர்களும் பெரும்பாலும் சொல்வதில்லை. நினைவு போவது மனதின் சங்கதி, அதற்கு மருந்தும் மனப்பயிற்சிதான் என்று ஜனங்கள் நினைப்பதில் வியப்பு என்ன?

இந்த வெற்றிடத்தில்தான் வியாபாரம் புகுந்தது. "ஞாபக சக்திக்கு ஒரு டானிக் எழுதிக் கொடுங்க டாக்டர்" என்ற வேண்டுகோளைக் கேட்காத மருத்துவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு வல்லாரை கொடுக்கும் வழக்கம் முதியவர்களுக்கும் நீண்டிருக்கிறது. வல்லாரை நல்ல கீரை, துவையலுக்கு அருமையானது. ஆனால் அது டிமென்ஷியாவைத் தடுக்கும் என்று காட்டும் வலுவான சோதனை எதுவும் கிடையாது. மேலை நாடுகளில் இதே இடத்தில் இருந்தது ஜின்கோ இலைச் சாறு. அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய மூவாயிரத்துச் சொச்சம் பேரிடம் பல ஆண்டுகள் சோதித்து, அது டிமென்ஷியாவைத் தடுக்கவில்லை என்று 2008-இல் முடிவு வெளியானது. விற்பனை நின்றதா? இல்லை. மூளை விளையாட்டுச் செயலியான லுமாசிட்டி, நினைவிழப்பைத் தள்ளிப்போடும் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததற்காக 2016-இல் அமெரிக்க வணிக ஆணையத்தோடு இருபது லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது. வைட்டமின் பி, வைட்டமின் ஈ, மீன் எண்ணெய்க் கொழுப்பமிலங்கள் ஆகியவற்றை இந்த நோக்கத்துக்காகப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி சொல்கிறது. ஓய்வூதியத்தில் வாழும் ஒரு பெரியவர் மாதாமாதம் இப்படிப்பட்ட மாத்திரைகளுக்குக் கொடுக்கும் பணத்தில் பிரஷர் மாத்திரையைத் தவறாமல் வாங்கிச் சாப்பிடலாம், மீதிக்குக் கண் கண்ணாடியும் மாற்றிக்கொள்ளலாம். இதை நினைத்தால் கோபம் வருகிறது.

நம்பிக்கைகளில் இன்னொரு வகை உண்டு. அதை நம் நாட்டு ஆய்வுதான் வெளிக்கொணர்ந்தது. கோவாவில் விக்ரம் படேலும் மார்ட்டின் பிரின்ஸும் நடத்தி 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ஊர் மக்களுக்கு நோயின் அறிகுறிகள் நன்றாகத் தெரிந்திருந்தன. ஆனால் அவர்கள் அதை மருத்துவம் தேவைப்படும் ஒன்றாகப் பார்க்கவில்லை. முதுமையின் இயல்பு என்றார்கள்; இல்லையென்றால் பிள்ளைகள் அன்பு காட்டாததால், கவனிக்காமல் விட்டதால் வந்தது என்றார்கள். இரண்டாவது விளக்கம் தமிழ்க் குடும்பங்களுக்கும் அந்நியமானதல்ல. "மகன் வெளிநாடு போனதும்தான் அவருக்கு இப்படி ஆச்சு", "மருமக சரியா பாத்துக்கல" என்றெல்லாம் உறவினர் பேசுவதை இரவு பகலாகக் கண் விழித்துப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தனிமை ஒரு காரணி என்று லான்செட் குழுவும்தானே சொல்கிறது என்று சிலர் கேட்கலாம். பல ஆண்டுகள் மனிதத் தொடர்பு இல்லாமல் வாழ்வது மூளையைப் பாதிக்கிறது என்பது வேறு. நோய் வந்துவிட்ட ஒருவருக்கு இன்ன மருமகள்தான் காரணம் என்பது வேறு. தடுப்பைப் பற்றிப் பேசும் ஒவ்வொருவரும் இந்த இடத்தில் கவனமாக இருந்தாக வேண்டும். தடுக்கக்கூடியது என்று முழங்கிக்கொண்டே போனால், வந்துவிட்டவர்கள் தாங்களே தேடிக்கொண்டவர்கள் என்ற பழி பின்னாலேயே வந்துவிடும். மரபணு, வயது, இன்னும் புரியாத பல காரணங்கள் மீதி 55 சதவீதத்தில் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தவர்களுக்கும் இந்த நோய் வருகிறது.

சரி, தெரிந்துகொண்டவர்கள் மாறத் தயாரா? கேட்டால் தயார் என்றுதான் சொல்கிறார்கள். ஐரோப்பிய ஆய்வாளர்கள் இணையவழியில் நடத்திய உலகளாவிய மூளை நலக் கருத்தாய்வில் 81 நாடுகளைச் சேர்ந்த 27,000-க்கும் அதிகமானோர் பங்கேற்றார்கள். மூளை நலத்தைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பிருந்தால் செய்துகொள்வோம் என்று பத்தில் ஒன்பது பேர் சொன்னார்கள். ஆனால் இப்படிப்பட்ட கருத்தாய்வுகளைத் தேடி வந்து நிரப்புபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே அக்கறை உள்ளவர்கள். பங்கேற்றோரில் பெரும்பகுதி பெண்கள். காலையில் விசைத்தறிக்குப் போய் இரவில் திரும்புகிறவரின் பதில் அதில் இருக்க வாய்ப்பில்லை.

இந்த விருப்பத்தை அளக்கவே ஆஸ்திரேலியாவில் ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். எனக்கு வரும் என்று நினைக்கிறேனா, வந்தால் எவ்வளவு மோசம், மாறினால் என்ன நன்மை, எது தடுக்கிறது, எது தூண்டுகிறது, என்னால் முடியுமா என்றெல்லாம் அது கேட்கிறது. நாடு நாடாகப் பயன்படுத்திப் பார்த்தபோது திரும்பத் திரும்பத் தெரிந்தது ஒன்று: பயம் மட்டும் யாரையும் நெடுந்தூரம் நடக்கவைப்பதில்லை. செய்ய முடியும் என்ற தெம்பும் செய்வதால் பலன் உண்டு என்ற நம்பிக்கையும் சேர்ந்தால்தான் கால் நகர்கிறது. பயம் முற்றினால் சிலர் பரிசோதனைக்குப் போவதையே தவிர்த்துவிடுகிறார்கள். இதில் இன்னொரு சிக்கல், கவனிக்க வேண்டிய காலம் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்டது. வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் மருத்துவம் என்று மூச்சுவிட நேரமில்லாத வயது அது. பலன் கிடைப்பதோ எண்பதில்.

ஆனால் துணை கிடைத்தால் மக்கள் நிலைத்து நிற்கிறார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. பின்லாந்தில் மியா கிவிபெல்டோ தலைமையில் 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரிடம் நடந்த ஃபிங்கர் ஆய்வு, உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்தக் குழாய்க் கண்காணிப்பு நான்கையும் இரண்டு ஆண்டுகள் ஒன்றாகக் கொடுத்தது. வழக்கமான ஆலோசனை பெற்ற குழுவைவிட இவர்களது சிந்தனைத் திறன் முன்னேற்றம் 25% அதிகம் என்று 2015-இல் அறிவித்தார்கள். பங்கேற்றவர்களில் பெரும்பான்மையோர் கடைசிவரை விலகவில்லை. அமெரிக்காவில் 2,111 பேரிடம் நடந்து 2025-இல் வெளியான பாயின்ட்டர் ஆய்வில் இரு குழுக்களும் முன்னேறின. குழுவாகக் கூடி, வழிகாட்டியின் துணையோடு செய்தவர்கள் தாமாகச் செய்தவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக முன்னேறினார்கள். இரண்டும் சிந்தனைத் திறனை அளந்த ஆய்வுகளே. டிமென்ஷியாவே குறைந்தது என்று இவை நிறுவவில்லை.

டிமென்ஷியாவே குறைந்ததற்கான சான்று வேறோர் இடத்தில் இருக்கிறது, எதிர்பாராத இடத்தில். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ்ஷயர், நியூகாசில், நாட்டிங்ஹாம் ஆகிய மூன்று பகுதிகளில் இருபது ஆண்டு இடைவெளியில் ஒரே முறையில் இரண்டு முறை கணக்கெடுத்தார்கள். 65 வயதைத் தாண்டியவர்களில் 8.3% பேருக்கு நோய் இருக்கும் என்று பழைய கணக்கின்படி எதிர்பார்த்தார்கள். இருந்தது 6.5%. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்விலும் 1970-களின் பிற்பகுதியிலிருந்து முப்பது ஆண்டுகளில், பத்தாண்டுக்குச் சுமார் 20% வீதம் புதிய நோயாளிகள் குறைந்திருக்கிறார்கள். இதெல்லாம் நடந்த பிறகுதான், 2018-இல், பிரிட்டன் மக்களில் 34% பேர் மட்டும் இதன் ஆபத்தைக் குறைக்க முடியும் என்று நம்பினார்கள். அதாவது, தடுக்க முடியும் என்று நம்பாத ஒரு சமூகத்தில் நோய் ஏற்கெனவே குறைந்திருக்கிறது. பள்ளிக் கல்வி பரவியது, புகைப்பவர்கள் குறைந்தார்கள், ரத்த அழுத்தத்துக்கு மருந்து எளிதில் கிடைத்தது. டிமென்ஷியாவை நினைத்து யாரும் இதைச் செய்யவில்லை. ஃபிரேமிங்ஹாமில் இந்தச் சரிவு பள்ளிப் படிப்பை முடித்தவர்களிடம் மட்டுமே காணப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படிக்காதவர்களுக்கு அந்த நல்ல காலம் வரவில்லை.

சீனாவிலிருந்து 2025-இல் வந்த செய்தி இதைவிடத் தெளிவானது. 326 கிராமங்களில், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ள 33,995 பேர் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். பாதிக் கிராமங்களில், பட்டம் பெற்ற மருத்துவர் அல்லாத கிராமச் சுகாதாரப் பணியாளர்கள், மருத்துவரின் மேற்பார்வையில் மருந்தின் அளவைத் தாங்களே கூட்டிக் குறைத்தார்கள். மாத்திரை இலவசமாகவோ மலிவாகவோ கிடைத்தது. வீட்டிலேயே அழுத்தம் பார்க்கக் கருவி கொடுத்தார்கள். நான்கு ஆண்டு முடிவில் அந்தக் கிராமங்களில் டிமென்ஷியா மற்றவற்றைவிட 15% குறைவு. மாத்திரை வாசலுக்கு வந்தது, அக்கறையாகக் கேட்க ஓர் ஆள் வந்தார், ஜனங்கள் சாப்பிட்டார்கள். விருப்பம் என்பதை மனதுக்குள் மட்டும் தேடும் கருத்தாய்வுகள் காணத் தவறுவது இதைத்தான்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய யோசனை இல்லை. 2020-இல் இங்கே நடந்த ஆய்வில் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் சுமார் 7% பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுவருகிறார்கள். சீனக் கிராமங்களில் பலன் தந்த முறையோடு பெருமளவு ஒத்துப்போகும் ஏற்பாடு இது. மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது, "இது இதயத்துக்கு மட்டுமில்லம்மா, பின்னாடி ஞாபகம் தப்பாம இருக்கவும் உதவும்" என்று சொல்வதற்குச் செலவு ஒன்றும் ஆகாது. கொஞ்சம் தலை சுற்றினாலும் மாத்திரையை நிறுத்திவிடும் அம்மாக்களிடம் இந்த ஒரு வார்த்தை எடுபடும் என்றே நம்புகிறேன். மாரடைப்புக்கு அஞ்சாதவர்களும் பிள்ளைகளின் முகம் மறந்துபோவதற்கு அஞ்சுகிறார்கள்.

காது விஷயத்தில் நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம். கண்ணாடி போடத் தயங்காதவர்கள் காது மெஷின் வைக்க வெட்கப்படுகிறார்கள். விசைத்தறிச் சத்தத்தில் நாற்பது ஆண்டு வேலை பார்த்தவரின் செவி மந்தமாவது தொழிலோடு வந்த காயம். அமெரிக்காவில் 977 முதியவர்களிடம் நடந்து 2023-இல் வெளியான அச்சீவ் ஆய்வில், செவிக்கருவி மொத்தக் குழுவுக்கும் சிந்தனைத் திறனில் பலன் காட்டவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகமாக இருந்தவர்களிடம் மூன்று ஆண்டுகளில் திறன் சரியும் வேகம் 48% குறைந்தது. முடிந்த முடிவு என்று இதைச் சொல்ல முடியாது. பேரன் பேசுவது கேட்கும் என்பதற்காகவே செய்யத்தக்க காரியத்துக்கு, இது கூடுதல் காரணம்.

தலைக்காயம் இன்னொன்று. 2022-ஆம் ஆண்டின் அரசுக் கணக்கில் நாட்டிலேயே அதிகச் சாலை விபத்துகள் நேர்ந்த மாநிலம் தமிழ்நாடு, 64,000-க்கும் மேல். ஹெல்மெட் என்றால் உயிரும் அபராதமும் மட்டுமே பேசப்படுகின்றன. முதுமையில் அறிவு தெளிவாக இருப்பதற்கும் அது உதவும் என்பதை எந்தப் போக்குவரத்துப் பலகையும் சொல்லவில்லை. இன்று எழுபது எண்பது வயதில் இருக்கும் பெண்களில் எத்தனையோ பேர் பள்ளி வாசலையே மிதிக்காதவர்கள். அந்த இழப்பை இனி ஈடுகட்ட முடியாது. அவர்களுடைய பேத்திகளின் படிப்பை இடையில் நிறுத்தாமல் இருக்க முடியும். மதிய உணவும் இலவசச் சைக்கிளும் அந்தப் பிள்ளைகளின் எண்பதாவது வயதுக்கும் சேர்த்துத்தான் வேலை செய்கின்றன.

நம்பிக்கை மாற வேண்டியதில்லை என்று நான் சொல்லவரவில்லை. இயல்பான முதுமை என்று நினைக்கும் குடும்பம் மருத்துவரிடம் போகாது; தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு போன்று சிகிச்சையால் சரியாகக்கூடிய மறதியும் அதனால் கவனிக்கப்படாமல் போகும். இயல்பு என்று நினைக்கும் வாக்காளர் அரசிடம் எதையும் கேட்க மாட்டார். ஆனால் தனி மனிதரின் ஒழுக்கமாக மட்டும் தடுப்பைப் பேசினால், வசதியும் நேரமும் உள்ளவர்கள் நடைப்பயிற்சிக்குப் போவார்கள், மற்றவர்கள் குற்ற உணர்வோடு இருப்பார்கள். அரசு செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன: வீடு தேடிச் செல்லும் மருத்துவத்தில் காதுப் பரிசோதனையைச் சேர்ப்பது, அழுத்தம் கட்டுக்குள் வந்ததா என்று மாத்திரை கொடுத்த பிறகும் தொடர்ந்து பார்ப்பது, தன்னார்வலர்களுக்கு டிமென்ஷியா பற்றிய எளிய பயிற்சி தருவது.

இதைப் படிக்கும் உங்களுக்கு நாற்பது வயது தாண்டியிருந்தால், இந்த வாரமே ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், "என்ன சொன்னே?" என்று அவர்கள் அடிக்கடி கேட்பதைச் சலித்துக்கொள்ளாமல், காது பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.